பேசுங்கள், கற்பிக்காதீர்கள்

ஜூன் 2, திங்கள்

முப்பத்தாறு வருடம் பாடக்குறிப்பு எழுதிய கை. ஓய்வுபெற்றுப் பத்து வருடம் ஆகியும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் இந்த நோட்டு.

இன்றிலிருந்து நான் ஒரு மருத்துவக் கல்லூரிக்குப் ‘பேசுபவர்’. அடையாள அட்டையில் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள்: சுலோசனா, பேசுபவர். தனியாக வாழும் எழுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களோடு, கல்லூரி கொடுத்த டேப்லெட்டில், வீடியோவில் பேச வேண்டும். திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி. மாலை நாலு மணியிலிருந்து ஆளுக்கு அரை மணி நேரம். இப்படிப் பேச்சுத் துணை இருந்தால் ஞாபகசக்தி தேய்வது குறைகிறதா என்று ஆராய்ச்சி. இன்னொரு கூட்டத்தாருக்கு வாரம் ஒரு முறை நலம் விசாரிப்பு மட்டும்தான். ஆறு மாதம் கழித்து இரு கூட்டத்துக்கும் பரீட்சை வைத்து ஒப்பிடுவார்களாம்.

பயிற்சி கொடுத்த டாக்டர் நிவேதனாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நீங்க டீச்சரா இருந்தவங்க, அதனால முன்னாடியே சொல்லிடறேன். பேசுங்க, கற்பிக்காதீங்க. தப்பாச் சொன்னாலும் திருத்தாதீங்க” என்றாள். சரி என்றேன். என்னிடம் படித்திருந்தால் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

இதில் என்னைச் சேர்த்துவிட்டது புனேயில் இருக்கும் மகள் பவித்ரா. “உனக்கும் ஒரு மாறுதலா இருக்கும்மா” என்றாள். எனக்கு மாறுதல் எதற்கு? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

மதியம் அரிசி கூடுதலாகப் போட்டுவிட்டேன். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன்.

ஜூன் 3, செவ்வாய்

எனக்கு ஒதுக்கியது இரண்டு பேர். ஒருவர் திருப்பூர் அம்மாள். பத்து நிமிடத்தில், “உன்ற கேள்விக்கெல்லாம் பதில் சொல்றக்கு நான் என்ன போலீஸ் ஸ்டேசன்லயா உக்காந்திருக்கறேன்?” என்று வைத்துவிட்டார்.

இன்னொருவர் ராக்கியண்ணன். வயது எழுபத்தொன்பது. உடுமலைக்குத் தெற்கே தென்னந்தோப்பு நடுவில் தனி வீடு. மனைவி இறந்து நாலு வருடம். ஒரே மகன் சிவபிரகாஷ் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார். பக்கத்து வீடு என்பது இரண்டு தோட்டம் தள்ளி, மயிலாத்தாள் என்ற அம்மாளுடையது.

போனை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் முதல் பத்து நிமிடம் நெற்றியை மட்டும் காட்டிக்கொண்டிருந்தார். நானும் நெற்றியோடு பேசினேன்.

“ஏனுங் டீச்சர், உங்களுக்கு வேற வேலை இல்லீங்களா? கெழவங்கூடப் போயிப் பேசிட்டிருக்கறீங்க?”

“இல்லீங்கண்ணா, இதுதான் வேலை.”

“அப்பச் சரிங்க. பேசுங்க.”

ஜூன் 4, புதன்

அழைப்பு இல்லாத நாள். என் கணவருடைய சட்டைகளை இஸ்திரிக்குக் கொடுத்தேன். ஆறு சட்டை.

ஜூன் 8, ஞாயிறு

பவித்ரா பேசினாள். நாலு நிமிடம். இஸ்திரிக்குக் கொடுத்ததை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். “அப்பா போய் அஞ்சு மாசம் ஆச்சும்மா. யாருக்காவது குடுத்துடேன்” என்றாள். பீரோவில் கசங்கிக் கிடந்தால் பார்க்க நன்றாக இல்லை, அதனால்தான் கொடுத்தேன். வேறொன்றும் இல்லை.

திருப்பூர் அம்மாள் தன் பெயரையே நீக்கச் சொல்லிவிட்டாராம். எனக்கு இனி ராக்கியண்ணன் ஒருவர்தான்.

ஜூலை 8, செவ்வாய்

இப்போது முகம் முழுதாகத் தெரிகிறது. சுவரில் ஓர் ஆணி அடித்து, கயிற்றில் போனைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். காற்றடித்தால் ஆடும். அப்போது அவரும் தலையை அதற்குத் தகுந்தாற்போல் ஆட்டுகிறார்.

தக்காளிச் செடியை மயில் கொத்திப்போட்டதைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். “வெரட்டுனா போகமாட்டேங்குதுங்க. ரெண்டு எட்டு வெச்சுட்டுத் திரும்பி நின்னு மொறைக்குது. மாப்பிள்ளை ஊட்டுக்காரனாட்ட.” சிரித்தேன். சிரித்த பிறகுதான், சிரித்தேன் என்று தெரிந்தது.

காலையும் சாயங்காலமும் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறார். பேனா மாதிரி இருக்கிறது. அதையும் காட்டினார்.

ஜூலை 9, புதன்

இன்று யாரோடும் பேசவில்லை. பால்காரர் பையைக் கதவில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை நாள், அழைப்பு வேண்டாம் என்று கல்லூரியிலிருந்து செய்தி. நாலு மணிக்குப் புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழக்கம்.

செப்டம்பர் 2, செவ்வாய்

மூன்றாவது மாதப் பரீட்சை. ஆராய்ச்சிப் பெண் ஒருத்தி வீடியோவில் கேள்வி கேட்டாள். ராக்கியண்ணன் புது முகத்தைப் பார்த்து மிரண்டதால், என்னையும் இணைப்பில் இருக்கச் சொன்னார்கள். என் மைக்கை அணைத்துவிட்டேன்.

ஒவ்வொரு பரீட்சையிலும் அதே ஐந்து சொற்களைச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். கிணறு, சீப்பு, புளி, ரயில், நீலம். இன்றைய தேதி, கிழமை கேட்பார்கள். நாலே கால் மணி காட்டும் கடிகாரம் வரையச் சொல்வார்கள். இன்னும் சில கேள்விகள்.

கிணறு என்றார். அப்புறம் என்னைத் தேடித் திரையில் கண்ணை ஓட்டினார். கரும்பலகை முன்னால் நிற்க வைத்த பிள்ளை அப்படித்தான் பார்க்கும். நான் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 4, வியாழன்

மதிப்பெண்ணை எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். அவரே சொன்னார்.

“பையன் சொன்னானுங்க. முப்பதுக்கு இருபத்திமூணு இருந்தது பத்தொம்பது ஆயிப்போச்சாமா. டிசம்பர்ல இன்னுங் கொறஞ்சா, ஊட்டப் பூட்டிப்போட்டு என்னையக் கோயமுத்தூர்ல ஹோமுல சேத்தறானாமா.”

“நீங்க என்னங்கண்ணா சொன்னீங்க?”

“என்னத்தைங்க சொல்றது? இந்தத் தோட்டத்த உட்டுப்போட்டு எனக்கு எங்கீங்க போகத் தெரியும்?” கொஞ்ச நேரம் போன் கயிற்றில் ஆடியது. “ஹோமுக்குப் போனா நீங்களும் பேசமாட்டீங்களாமா. தனியா இருக்கறவீங்களுக்கு மட்டுந்தானாமா இது.”

அது உண்மைதான். விதி எண் இரண்டு. நான் அதை நினைத்துப் பார்க்கவே இல்லை.

செப்டம்பர் 6, சனி

பத்தொன்பது மதிப்பெண்ணுக்காக என் பள்ளியில் யாரையும் வீட்டுக்கு அனுப்பியதில்லை.

ஆண்டாய்வு என்று ஒன்று உண்டு. அதிகாரி ஜீப்பில் வந்து இறங்குவார். பிள்ளைகளைக் கேள்வி கேட்பார். பதினைந்து நாளைக்கு முன்பே நாங்கள் பாடத்தை விட்டுவிட்டு, அவர் கேட்கப்போகும் கேள்விகளைச் சொல்லிக்கொடுப்போம். எந்த அதிகாரி எதைக் கேட்பார் என்று எல்லாப் பள்ளிக்கும் தெரியும். அதிலும் ஒரு தந்திரம். கேள்வி கேட்டவுடன் எல்லாப் பிள்ளையும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. நான் வலது கைக்காரனைப் பார்த்து எழுப்புவேன். என் பள்ளிக்கு ஒரு வருடமும் குறை எழுதியதில்லை. இடது கைப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று அதிகாரியும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

இன்று ஆரம்பித்தேன். இதைக் கற்பிப்பது என்று சொல்ல முடியாது. பேச்சுக்கு நடுவில் ஒரு கதை சொன்னேன், அவ்வளவுதான்.

“ஒரு கிணறுங்கண்ணா. அதுல ஒரு பொம்பளையோட சீப்பு உழுந்துபோச்சு. எடுக்கப் போனவன் கையில புளி. அந்நேரம் பாத்து ரயில் வந்துது. ரயிலு நீலம்.”

“கிறுக்கனுங்களா அவன்? புளிய எதுக்குங்க கையில வெச்சிருந்தான்?”

“வெச்சிருந்தான். திருப்பிச் சொல்லுங்க பார்க்கலாம்.”

ஐந்தில் மூன்று வந்தது.

செப்டம்பர் 26, வெள்ளி

ஐந்தும் வந்துவிட்டது. தேதி கிழிக்கும் காலண்டரைப் போன் தொங்கும் ஆணிக்கு மேலேயே மாட்டச் சொன்னேன். கேள்வி கேட்கிறவர்கள் பார்வைக்கு அது வராது. அவர் நிமிர்ந்தால் தேதி தெரியும். தினமும் கிழிக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. நாலு மணிக்கு முதல் வேலையாகக் கிழிக்கச் சொல்லிவிடுகிறேன். நாலே கால் கடிகாரமும் வரைந்து பழகுகிறார்.

கல்லூரிக்கு அனுப்பும் அறிக்கையில் “மயில், தென்னையில் வெள்ளை ஈ, பழைய சினிமாக் கொட்டகை பற்றிப் பேசினோம்” என்று எழுதினேன். அதையும்தான் பேசினோம்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பவித்ரா வரவில்லை, அந்தப் பக்கம் மாமனாருக்கு உடம்பு சரியில்லை. எனக்கும் இந்த வருடம் பண்டிகை கிடையாது. அழைப்பு கிடையாது என்று தெரிந்தும் நாலு மணிக்குக் கூப்பிட்டேன். உடனே எடுத்தார். நேற்றுப் போட்டிருந்த அதே கட்டம் போட்ட சட்டை. நேற்று ஞாயிறு, நேற்றுப் பேசவில்லை. வெள்ளிக்கிழமை போட்டிருந்தது.

“ஊட்டுக்காரி பலகாரஞ் சுட்டுட்டிருக்கறாளுங்க, அக்கட்டால” என்றார்.

அடுப்பங்கரையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. நான் திருத்தவில்லை. திருத்தக் கூடாது என்பது விதி. பண்டிகை நாளில் எல்லோருக்கும் பழைய ஞாபகம் வரும்.

நவம்பர் 10, திங்கள்

ஒரே அரை மணி நேரத்தில் மூன்று முறை “சாப்டாச்சுங்களா டீச்சர்?” என்றார். நம் பக்கத்தில் எல்லோரும் மூன்று முறை கேட்பவர்கள்தான்.

ஐந்து சொற்களும் ஓடுகிற ஓட்டத்தில் வருகின்றன. சட்டை அதேதான்.

நவம்பர் 27, வியாழன்

குழாயில் தண்ணீர் வரவில்லை. கீழ் வீட்டில் கேட்டு இரண்டு குடம் பிடித்தேன். “உங்களைப் பார்த்தே ரொம்ப நாள் ஆச்சு, ஊர்ல இல்லையோன்னு நெனச்சேன்” என்றார் கீழ் வீட்டுக்காரர். இங்கேதான் இருக்கிறேன் என்றேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

பரீட்சை. இந்த முறையும் என்னை இருக்கச் சொன்னார்கள். தேதி கேட்டபோது அண்ணாந்து பார்த்து, யோசிக்கிற மாதிரி நெற்றியைச் சுருக்கினார். நல்ல மாணவர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது கிணறு, சீப்பு, புளி, ரயில், நீலம் என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்தார். நான் மைக் அணைந்த நிலையிலேயே தலையை ஆட்டினேன்.

டிசம்பர் 5, வெள்ளி

இருபத்தாறு!

மகன் பொங்கலுக்கு வந்து ஹோமில் சேர்ப்பதாக இருந்தாராம். வேண்டாம் என்று விட்டுவிட்டார். காலையும் மாலையும் வந்து ஊசி போட ஒரு அம்மாளை ஏற்பாடு செய்ய இருந்தாராம், அதையும் விட்டுவிட்டார். “எங்கப்பா எங்களைவிடத் தெளிவா இருக்காருன்னு ஆபீஸ்ல எல்லார்த்துகிட்டயுஞ் சொல்லிட்டானாமுங்க” என்றார் ராக்கியண்ணன்.

டாக்டர் நிவேதனா கூப்பிட்டுப் பாராட்டினாள். பேச்சுத் துணையால் இவ்வளவு முன்னேற்றம் வேறு யாருக்கும் வரவில்லையாம். அழைப்புகளை இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கிறார்களாம்.

எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. கேசரி கிளறினேன். நெய் கூடிவிட்டது.

டிசம்பர் 18, வியாழன்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

நாலு மணிக்குக் கூப்பிட்டேன். நான்காவது முறைதான் எடுத்தார். சட்டை நனைந்திருந்தது. மழையா என்று கேட்டேன். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து கொண்டிருந்தது. நாக்கு குழறியது.

“ஊசி போட்டனுங்க” என்றார். “போடலீங்க. போட்டுட்டனுங்க.”

“எத்தனை தடவைங்கண்ணா? சாப்பிட்டீங்களா?”

“கிணறு” என்றார். “சீப்பு. புளி.”

“அண்ணா, மதியம் என்ன சாப்பிட்டீங்க?”

“ரயில். நீலம்.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார், சரியா என்று.

சர்க்கரை இறங்கினால் இப்படி வரும் என்று எனக்குத் தெரியும். வகுப்பில் பேசும் குரலில் கத்தினேன். “எந்திரிங்க! சமையக்கட்டுக்குப் போங்க! சர்க்கரை டப்பாவ எடுங்க!” எழுந்தார். இரண்டடி வைத்தார். திரையை விட்டுப் போனார். ஏதோ விழுகிற சத்தம். அதன் பிறகு திரையில் காலி நாற்காலி மட்டும் தெரிந்தது.

என் சொந்த போனில் நிவேதனாவைக் கூப்பிட்டேன். அவள் மயிலாத்தாளுக்கும் ஆம்புலன்சுக்கும் சொன்னாள். நான் நாற்காலியைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார், திறக்கவில்லை.

பதினோரு நிமிடம். நாலு பத்தொன்பதுக்கு மயிலாத்தாளின் கால் தெரிந்தது. “அட சாமி! ஏனுங் மாமா, மாமா!” என்ற சத்தம். பிறகு தம்ளர் சத்தம். பிறகு, “கண்ணு முழிச்சுட்டாருங்கோ!” என்று யாரிடம் என்று தெரியாமல் போனைப் பார்த்துச் சொன்னாள்.

இரண்டு முறை ஊசி போட்டிருக்கிறார். மூன்றாகவும் இருக்கலாம். உடுமலை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். உயிருக்குப் பயமில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

நிவேதனா கூப்பிட்டாள். “நீங்க மட்டும் அந்த நேரத்துல இல்லேன்னா போயிருப்பாரும்மா. அவரோட மகன் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.”

கீழ் வீட்டுக்காரர் மறுபடி வந்து விசாரித்தார். டி.வி. சத்தம் என்றேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். அதே சட்டை. பலகாரம். மூன்று முறை சாப்டாச்சுங்களா. எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. இடது கை தூக்கிய பிள்ளையை எழுப்பாமல் விட்டிருக்கிறேன்.

நாளை கல்லூரிக்குப் போகிறேன்.

டிசம்பர் 22, திங்கள்

போனேன். நோட்டை மேசை மேல் வைத்தேன். செப்டம்பர் பக்கத்தைத் திறந்து காட்டினேன். நிவேதனா நின்றுகொண்டே படித்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

“அவரைக் காப்பாத்தினதும் நீங்க, இந்த நெலமைக்குக் கொண்டுவந்ததும் நீங்கன்னு நான் எப்படிம்மா ரிப்போர்ட் எழுதறது?”

“அப்படியே எழுதுங்க.”

“ஏம்மா இப்படிப் பண்ணீங்க?”

அவருக்காக என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அது பாதிதான் உண்மை. மிச்சப் பாதியை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

என் கணவருக்குக் கடைசி மூன்று வருடம் ஞாபகம் போய்விட்டது. தபால் ஆபீசில் ஊர் ஊராகக் கடிதம் பிரித்த மனிதர், சாப்பாட்டு அறைக்கு வழி கேட்டார். நான் அவருக்குப் பாடம் நடத்தினேன். காலையில் எழுந்ததும், இன்றைக்கு என்ன கிழமை, நம் மகள் பெயர் என்ன, என் பெயர் என்ன. சொல்லாவிட்டால் காப்பி கொடுக்க மாட்டேன். சொல்ல வைத்தால் நிற்கும் என்று நம்பினேன். போன பொங்கலுக்கு நாலு நாள் முன்பு, நான் அறைக்குள் போனதும் இரண்டு கையையும் நீட்டினார், அடி வாங்குகிற பிள்ளை மாதிரி. நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. டீச்சர் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு மறுநாள் இறந்துபோனார். நான் அழவில்லை. இன்று வரைக்கும் அழவில்லை.

ராக்கியண்ணன் பாஸாக வேண்டும் என்று எனக்கு இருந்தது. ஒருவராவது பாஸாக வேண்டும். அவர் ஹோமுக்குப் போய்விட்டால் நாலு மணிக்கு எனக்கும் யாரும் இல்லை. இதுதான் அந்த மிச்சப் பாதி.

நிவேதனா டேப்லெட்டையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டாள். நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். வாசல் வரை கூடவே வந்தாள், திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

டிசம்பர் 24, புதன்

சிவபிரகாஷ் ஆஸ்திரேலியாவிலிருந்து பேசினார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

“பாஸ் பண்ணிட்டாருன்னு எல்லார்த்துகிட்டயும் சொன்னனுங்க” என்றார். பிறகு வைத்தார்.

புதுச் சொற்களை வைத்து மறுபடி பரீட்சை வைத்திருக்கிறார்கள். பதினான்கு.

டிசம்பர் 25, வியாழன்

நாலு மணி ஆயிற்று.

டிசம்பர் 26, வெள்ளி

இன்றும் ஆயிற்று.

ஜனவரி 4, ஞாயிறு

மகன் வந்து, கோயம்புத்தூரில் காளப்பட்டிப் பக்கம் ஒரு ஹோமில் சேர்த்துவிட்டாராம். நிவேதனா சொன்னாள். ஒப்படைத்த டேப்லெட்டின் சார்ஜர் கிடைக்கவில்லை என்று கேட்கத்தான் கூப்பிட்டாள்.

“நான் போய்ப் பார்க்கலாமா?” என்று கேட்டேன்.

“அவர் இப்ப ஆராய்ச்சியில இல்ல. நீங்களும் இல்ல. பார்க்கக் கூடாதுன்னு சொல்ல எனக்கு எந்த விதியும் இல்லம்மா” என்றாள்.

ஜனவரி 12, திங்கள்

என் கணவரின் முதல் வருட நினைவு நாள் முடிந்தது. பவித்ரா வந்து மூன்று நாள் இருந்தாள். இன்று காலை கிளம்பும்போது சட்டைகளைக் கொடுத்தனுப்பினேன். அவளாகக் கேட்கவில்லை.

ஜனவரி 19, திங்கள்

சிவபிரகாஷுக்குச் செய்தி அனுப்பினேன், அப்பாவைப் பார்க்க அனுமதி கேட்டு. பதில் வராது என்று நினைத்தேன். சாயங்காலம் வந்தது. ஹோம் முகவரி, அப்பாவின் போன் நம்பர், கீழே ஒரு வரி: “டீச்சர் ஏன் கூப்பிடறதில்லைன்னு தினமும் கேக்கறாருங்க.”

ஜனவரி 23, வெள்ளி

இரண்டு பஸ் மாறிப் போனேன். சுத்தமான இடம். அவர் ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புதுச் சட்டை. நான் நினைத்ததைவிட உயரமானவர். இந்த ஏழெட்டு மாதத்தில் அவருடைய கால்களை நான் பார்த்ததே இல்லை.

“ஏனுங்கண்ணா, நல்லா இருக்கறீங்களா?” என்றேன்.

எழுந்து கும்பிட்டார். “இருக்கறனுங்க. உக்காருங்க. நீங்க யாருங்க?”

“நான்தானுங்கண்ணா. டீச்சர்.”

“டீச்சருங்களா? எந்த இஸ்கூலுங்க?”

“போன்ல பேசுவனே. நாலு மணிக்கு.”

அவர் முகம் மாறியது. சரியான பதில் என்ன என்று தேடுகிற முகம். வேட்டி நுனியை விரலில் சுற்ற ஆரம்பித்தார். அந்த முகத்தை நான் மூன்று வருடம் தினமும் காலையில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கெல்லாம் இந்த இடத்தில் நிறுத்தத் தெரியவில்லை. அடுத்த கேள்வி கேட்பேன்.

இன்று நிறுத்திக்கொண்டேன். “பரவால்லீங்க. சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றேன். விரல் நின்றது. இரண்டு பேரும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வருகிறேன் என்று எழுந்தேன். “சூதானமாப் போங்க” என்றார்.

வராந்தாவில் ஒரு நாற்காலி கிடந்தது. அதில் உட்கார்ந்தேன். வாசலில் தொங்கிய கடிகாரத்தில் நாலு ஆக இரண்டு நிமிடம். போனை எடுத்து, மகன் அனுப்பிய நம்பருக்கு வீடியோவில் கூப்பிட்டேன். உள்ளே மணியடித்தது. அங்கே வேலை செய்யும் அம்மாள் எடுத்து அவர் கையில் கொடுப்பது கேட்டது. திரையில் ஒரு நெற்றி வந்தது.

“டீச்சருங்களா!” என்ற சத்தம் கதவுக்கு உள்ளிருந்தும் வந்தது, போனிலிருந்தும் வந்தது. “ஏனுங் டீச்சர், எங்கீங்க போயிட்டீங்க இத்தனை நாளா? நெட்டு இல்லீங்களா?”

“இல்லீங்கண்ணா. இன்னைக்குத்தான் கெடச்சுது.”

“நானும் யார்கிட்டப் பேசறதுன்னு உக்காந்திருக்கறனுங்க.” போனைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தார். குரலைத் தாழ்த்தினார். “இப்பத்தானுங்க ஒரு அம்மா வந்து உக்காந்திருந்துட்டுப் போனாங்க. யாருன்னு தெரியல. பாவமுங்க, பேசறதுக்கு ஆளில்லாம வந்திருப்பாங்களாட்ட இருக்குது. மொகத்தைப் பாத்தாலே தெரியுது.”

“அப்படீங்களா?”

“ஆமாங்க. ரொம்ப நாளாத் தனியா இருக்கறவீங்க மொகம். எனக்குத் தெரியாதுங்களா?” கொஞ்சம் யோசித்தார். “டீச்சர், நீங்க அந்தம்மாளுக்கும் ஒரு போனு போட்டுப் பேசுங்க. எங்கிட்டப் பேசறாப்பல. சரியாயிருவாங்க.”

அது நான்தான் என்ற வார்த்தை வாய் வரை வந்தது. விழுங்கினேன்.

“சரிங்கண்ணா. பேசறேன்.”

“ஏனுங், கொரலு ஒரு மாதிரி இருக்குது? சளியா?”

“ஆமாங்கண்ணா, சளி.”

நான் அழுதுகொண்டிருந்தேன். என் கணவர் போய் ஒரு வருடம் பன்னிரண்டு நாள் கழித்து. என் நெற்றி மட்டும் தெரியும்படி போனைத் தூக்கிப் பிடித்தேன். சத்தம் கதவு வழியாக உள்ளே போய்விடக் கூடாது என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அவர் மிளகுக் கசாயம் எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக, பொறுமையாக, நான் ம் கொட்டினால்தான் அடுத்ததைச் சொன்னார். கொட்டினேன்.